பிழை எண் 4417

தார்த்துவில் டிசம்பர். மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
எமயோகி ஆறு பாதி உறைந்து
மீதிப் பாதியில் யோசித்துக்கொண்டிருக்கிறது.
இன்று பதினேழாவது முறையாக
ராணி இஸெல்மாவைச் சாகக் கொடுக்கிறேன்.

கொல்பவன் உல்தார்.
ஏழு போர்களில் அவள் குதிரைக்கு இடப்பக்கம் நின்றவன்.
அம்பு தைத்த தோளோடு அவளைச் சுமந்து
கணவாய் கடந்தவன்.
(அந்தக் காட்சியில் அவன் பூட்ஸ்
பனியில் புதையாமல் மிதந்தது.
அதைக் கண்டுபிடித்ததும் நான்தான்.)
நாற்பது மணி நேரம் ஆடுகிறவர்கள்
அவன் முதுகை நம்பித்தான் நடப்பார்கள்.
பிறகு ஒன்பதாம் அத்தியாயம், பாலம்,
உறையிலிருந்து இரும்பு கிளம்பும் சத்தம்,
அவன் முகம் அவள் பக்கம்.

என் வேலை, அந்த வாள்
விலாவுக்குள் போகிறதா
விலாவை விட்டு வெறுங்காற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது.
ரத்தம் பனிக்கு மேலா, அடியிலா.

எல்லா வழியும் போய்ப் பார்த்துவிட்டேன்.
அவன் தம்பியைத் தூக்குமரத்திலிருந்து இறக்கினேன். குத்தினான்.
இறக்காமல் விட்டேன். குத்தினான்.
வடகோட்டையை எழுதிக் கொடுத்தேன்,
சபை நடுவே அவமானப்படுத்தினேன்,
அப்போதும் அதே கோணம், அதே மூன்றாவது விலா.

ஏன் என்று தாவெத்திடம் கேட்டேன். கதை எழுதுகிறவன் அவன்.
கருப்பு ரொட்டியில் மத்தி மீனை அடுக்கியபடியே சொன்னான்:
"பத்தாம் அத்தியாயத்துக்குப் போர் வேணுமே, ஹெல்வே."

வியாழன் இரவு, எல்லோரும் போன பிறகு,
சலிப்பில்தான் செய்தேன்.
கணவாய் முகாமில், நெருப்புக்குப் பக்கத்தில்,
உப்புப் பையைத் திறந்து அவன் கிண்ணத்தில் போட்டேன்.
இந்த விளையாட்டில் உப்புக்கு ஒரு பயனும் இல்லை.
விற்றால் இரண்டு செம்புக்காசு.
யாரும் யாருக்கும் போட மாட்டார்கள்.

பாலம் வந்தது.
அவன் வாளை எடுக்கவில்லை.

காத்திருந்தேன். பனி அவன் தோளில் ஏறியது.
மூச்சு புகையாய் வந்தது, போனது.
ராணி தன் சாவு வசனத்தை
உயிரோடு நின்று சொன்னாள்:
"உன் கை ஏன் நடுங்குகிறது?"
நடுங்கவில்லை.
எதிர்க்கரையில் பகைவர் படை
வாவென்று சொல்ல ஆளில்லாமல்
ஒரே காலைத் தூக்கித் தூக்கி வைத்தது.
அப்பால் கதவு திறக்கவில்லை. போர் இல்லை.
அவன் துரோகம் செய்யாத உலகத்தை
யாரும் கட்டி வைக்கவில்லை.
உப்பைத் தின்றவன் நின்றுகொண்டே இருந்தான்.
கேன்டீனில் ஃப்ரிட்ஜ் உறுமி, ஓய்ந்து, மறுபடி உறுமியது.
கடைசிப் பேருந்தை விட்டுவிட்டேன்.

பிழை எண் 4417.
தீவிரம்: மிக அதிகம். கதை நகரவில்லை.
எதிர்பார்த்தது: துரோகம்.
நடந்தது:
அந்தக் கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.
எனக்கு ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்தான்.
நானும் அவர்கள் ரொட்டியைத்தானே தின்கிறேன்.
"நிற்கிறான்" என்று தட்டினேன்.
மீண்டும் நிகழ்த்தும் வழி: உப்பு போடவும்.
அனுப்பினேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள், சரி.
உப்பிட்டவளே காட்டிக்கொடுத்தால்
அதற்கு என்ன பழமொழி?

திங்கள் காலை சரிசெய்திருந்தார்கள்.
உப்பு போட்டேன். பாலம். வாள் வந்தது.
மூன்றாவது விலா. ரத்தம் பனிக்கு மேலேயே.
பகைவர் படை காலை மாற்றி வைத்து ஓடி வந்தது.

ஆனால் உறையைத் தொட்ட கை
இழுக்கும் முன் கொஞ்சம் தங்கியது.
நிறுத்தி நிறுத்தி எண்ணினேன், பதினொரு ஃப்ரேம்.
உப்பு போடாமல் ஆடினேன்: தங்கவில்லை.
போட்டு ஆடினேன்: பதினொன்று.

எதிர் மேசையில் தாவெத்
மீனுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
நிமிரவே இல்லை.

படிவத்தின் கடைசியில்
"வேறு குறைகள்" என்று ஒரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.